கறுப்பு எந்தப் பக்கம்?

அவைக்குத் தலைமை தாங்கும் அருட்திரு லயனல் குவான்ட்ரில் அவர்களே! மேடையில் வீற்றிருக்கும் சஃபோக் குலச்சின்னக் கழகத்தின் செயற்குழுவினரே! எண்பத்தொன்பது வயதிலும் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் லேடி கார்விக் அவர்களே! அக்காவைப் பறிகொடுத்துவிட்டு வந்திருக்கும் வால்ட்டர் கெரிட்ஜ் அவர்களே! பிரெண்ட்மியர் ஊர்ப் பெருமக்களே! கடைசியில் சுவரோடு சுவராக நிற்கும் பள்ளிச் சமையலறைத் தோழியரே! நீங்கள் ஏன் அங்கே நிற்கிறீர்கள்? முன்னால் இத்தனை நாற்காலிகள் காலியாகக் கிடக்கின்றனவே! வாருங்கள். இன்று இந்த மண்டபத்தில் முதல் உரிமை உங்களுக்குத்தான். நிதானமாக உட்காருங்கள், நான் காத்திருக்கிறேன்.

மிஸஸ் போரெட், அந்த டீக் கொப்பரையை இப்போதே மூட்டிவிடாதீர்கள். அது இரையத் தொடங்கினால் நான் பேசுவது எனக்கே கேட்காது. என் காதில் விழாமல் போனவை ஏற்கெனவே போதும்.

பெரியோர்களே! மறைந்தவரைப் பட்டம் சொல்லி அழைத்துப் பேச்சைத் தொடங்குவது முறை. எந்தப் பட்டத்தைச் சொல்லி நான் அழைப்பேன்? நாங்கள் அவருக்கு ஒரு பட்டமும் தரவில்லையே! கழக உறுப்பினர் என்று சொல்லலாமா? உறுப்பினர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. பதிவாளர் என்று சொல்லலாமா? நானூற்றுப் பன்னிரண்டு தேவாலயங்களிலுள்ள குலச்சின்னக் கேடயங்களைப் பதிவு செய்தவர் அவர். ஆனால் பதிவாளர் என்று எந்தத் தாளிலும் நாங்கள் எழுதவில்லை. பிரெண்ட்மியர் பள்ளிச் சமையற்காரர் மிஸ் மியூரியல் கெரிட்ஜ்! அந்த ஒரு பட்டம்தான் அவருக்கு மிச்சம். அதைக் கொடுத்ததும் நாங்கள் அல்ல.

என் சட்டைப்பையில் நான்கு பக்க உரை ஒன்று இருக்கிறது. நேற்று மத்தியானம் உட்கார்ந்து எழுதினேன். நல்ல உரைதான். 'உறுதுணை' என்ற சொல் அதில் ஐந்து இடத்தில் வருகிறது. அதை நான் படிக்கப்போவதில்லை. நேற்று நினைத்தபடியே எல்லாம் நடந்தால், திங்கட்கிழமை 'சஃபோக் கேடயப் பதிவேடு' இரண்டாம் பதிப்பு என் பெயரை மட்டும் தாங்கி அச்சுக்குப் போய்விடும். நம் ஊர்த் தேவாலயத்துச் சுவரில் ஒரு பலகையின் முதுகில் எழுதியிருக்கும் பொய் என் காலத்துக்குப் பிறகும் அப்படியே நிற்கும். ஆகவே உங்கள் முன் நான் ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். எழுபத்தெட்டு வயதுக் கிழவன், நாற்பது வருடம் லத்தீன் நடத்திய வாத்தியார், வாய் கூசிக்கொண்டு நிற்கிறேன். வெட்கமாக இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் அவரைப் பற்றி.

மியூரியல் அம்மையார் எப்படி வேலை செய்வார் என்பது தலைமை வகிக்கும் நமது போதகருக்குத் தெரியும். சிரிக்கிறீர்களே, ஐயா! சொல்லிவிடட்டுமா? இவர் இந்த ஊருக்கு வந்த புதிது. ஒரு சனிக்கிழமை காலை ஆலயத்துக்குள் நுழைகிறார். நடுப்பாதையில் ஒரு பெண் மல்லாந்து கிடக்கிறார். கோட்டை மடித்துத் தலைக்கு வைத்திருக்கிறார், கண்கள் கூரையையே பார்க்கின்றன, அசைவே இல்லை. இவர் பதறிப்போய்ப் பக்கத்தில் மண்டியிட்டு நாடி பார்க்கக் கையை நீட்டுகிறார். அப்போது கீழே இருந்து ஒரு குரல் வருகிறது.

"கொஞ்சம் நகருங்க ஐயா. வெளிச்சத்த மறைக்கறீங்க."

கூரை விட்டத்தில் கைப்பிடி அகலக் கேடயம் ஒன்று. புகையேறி நிறமே தெரியாது. நாடகத்துக்குக் கொண்டுபோகும் சின்னத் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரமாக அதைப் படித்துக்கொண்டிருந்தார். ஏணி வைத்து ஏறிப் பார்த்த மூன்று அறிஞர்கள் அதில் நாய் இருக்கிறது என்று எழுதினார்கள். நானும் அவர்களில் ஒருவன். படுத்துப் பார்த்த இந்த அம்மையார், நாய் இல்லை, நீர்நாய், அதன் வாயில் மீன் இருக்கிறது என்றார். மீன் இருந்தது!

அந்தப் பெண்மணியிடம் யார் போய்ப் பசப்ப முடியும்? 'மூன்று மணிகள்' மதுக்கடைக்காரர் இங்கே இருக்கிறார். உங்கள் தகப்பனார் ஒரு பெயர்ப்பலகை எழுதச் சொன்னாரே, நினைவிருக்கிறதா? எங்கேயோ ஒரு புத்தகத்தில் தங்கள் குடும்பப் பெயரைக் கண்டுபிடித்து, அதன் பக்கத்திலிருந்த சிங்கத்தைத் தம் கடை வாசலில் தீட்டச் சொன்னார். அம்மையார் தூரிகையைக் கழுவி வைத்துவிட்டுச் சொன்னார்:

"பேரு ஒண்ணா இருந்தா சிங்கம் உங்களுதாயிடுமா? அந்தச் சிங்கம் யாருக்குக் குடுத்தாங்களோ அவங்க வழில வந்தவங்களுக்குத்தான். உங்க தாத்தா பன்னி மேய்ச்சவரு. நல்ல மனுஷன். ஞானஸ்நானப் பதிவுல அவரு பேரப் பாத்துருக்கேன், எடுத்துக் காட்டறேன் வாங்க. அது உங்களுது. அத யாரும் புடுங்க முடியாது."

அவரும் போய்ப் பார்த்தார். இன்றும் அந்தக் கடை வாசலில் பன்றிதான் இருக்கிறது. வரைந்தவர் மியூரியல் கெரிட்ஜ். ஒருவருக்கு உரியதை இன்னொருவர் எடுத்துக்கொள்ளக் கூடாது! அவர் வாழ்நாள் முழுவதும் காத்த சட்டம் அது ஒன்றுதான். அப்பேர்ப்பட்டவரிடமிருந்து எடுத்துக்கொண்டது யார்? நான்தான்!

சமையலறைத் தோழியருக்காக ஒன்றை விளக்கிவிடுகிறேன். கழகத்தார் பொறுத்தருள வேண்டும். தேவாலயச் சுவர்களில், முனை மேலே வரும்படி சாய்சதுரமாகத் தொங்கும் பலகைகளைப் பார்த்திருப்பீர்கள். அவை துக்கப் பலகைகள். பெரிய வீட்டில் ஒருவர் இறந்தால், அந்தக் குடும்பத்தின் கேடயத்தைப் பலகையில் தீட்டி வீட்டு வாசலுக்கு மேல் மாட்டுவார்கள். துக்க காலம் முடிந்ததும் அது ஆலயத்துக்கு வந்துவிடும். கேடயத்தில் ஒரு பாதி கணவருடைய சின்னம், மறுபாதி மனைவியுடையது. பின்புலத்தைப் பார்த்தே இறந்தவர் யார் என்று சொல்லிவிடலாம். இறந்தவர் பக்கம் கறுப்பு. உயிரோடு இருப்பவர் பக்கம் வெள்ளை. அவ்வளவுதான் விஷயம்.

இதில் ஒரே ஒரு பொறி இருக்கிறது. கேடயத்தின் வலப்பக்கம் என்பது பார்க்கிறவருடைய வலப்பக்கம் அல்ல. கேடயத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் வீரனுடைய வலப்பக்கம். அதாவது எதிரே நின்று பார்க்கும் நமக்கு அது இடப்பக்கம். கணவருடைய சின்னம் அந்தப் பக்கத்தில்தான் வரும். கழகத்தில் சேருகிறவர்களுக்கு முதல் நாள் சொல்லித்தரும் பாடம் இது. முப்பது வருடத்துக்கும் மேலாக அதைச் சொல்லிக்கொடுப்பவன் நான். தப்பாகச் சொன்னவர்களை நான் எவ்வளவு ஏளனம் செய்திருக்கிறேன் என்பது இங்கே பலருக்கு நினைவிருக்கும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டு, அக்டோபர் மாதம். நமது கழகத்தின் அன்றைய தலைவர் சர் ஆம்ப்ரோஸ் கார்விக் காலமானார். பழைய முறைப்படி துக்கப் பலகை மாட்ட வேண்டும் என்று லேடி கார்விக் விரும்பினார்கள். இந்த மாவட்டத்தில் அறுபது வருடமாக யாரும் மாட்டியதில்லை. பக்கத்து மாவட்டங்களிலிருந்தெல்லாம் குலச்சின்ன அறிஞர்கள் வரப்போகிறார்கள். வரைபடம் தயாரிக்கும் பொறுப்பு எனக்கு. தீட்டும் பொறுப்பு மியூரியல் அம்மையாருக்கு. அப்போது அவர் கழகத்தின் உறுப்பினர், கழகத்தின் ஓவியர். காலியான தலைவர் நாற்காலி அப்போது எனக்கு எப்படி இனித்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

வரைபடத்தின் ஓரத்தில் 'வலம் கறுப்பு' என்று என் கையால் எழுதினேன். அது சரி. பிறகு பேனாவைத் தூக்கி என் வலப்பக்கத்துக்கே மை பூசினேன். ஊருக்கெல்லாம் பாடம் சொன்னவன் அந்தப் பொறியில் நானே போய் விழுந்தேன்!

மறுநாள் பள்ளிச் சமையல் முடிந்ததும், கையில் மாவு ஒட்டியபடி அம்மையார் என் வகுப்பறைக்கு வந்தார்.

"சார், ஒரு சந்தேகம். நாரை மூணும் சர் ஆம்ப்ரோஸோடதுதானே? கதிர்க்கட்டு லேடியோடது?"

"ஆமா. அதுல என்ன சந்தேகம்?"

"அப்ப கறுப்பு நாரைப் பக்கம்ல வரணும்? நீங்க கதிர்க்கட்டுப் பக்கம் போட்டுருக்கீங்களே."

நான் தலையை நிமிர்த்தினேனா? வரைபடத்தை ஒரு கணம் பார்த்தேனா? இல்லை! முப்பது மாணவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சமையற்காரம்மா வந்து என்னைத் திருத்துகிறார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"மிஸ் கெரிட்ஜ், கஞ்சி காய்ச்சறதுக்கு நான் வந்து உங்களுக்குச் சொல்லித் தர்றேனா? கேடயத்தோட வலம் எதுன்னு எனக்குத் தெரியும். வரைஞ்சிருக்கறபடி தீட்டுங்க."

"எழுதிக் குடுத்துடறீங்களா சார்?"

எழுதிக் கொடுத்தேன். கோபத்தில் பேனா தாளைக் கிழித்தது. அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

இறுதிச் சடங்கு நாள். கார்விக் இல்லத்தின் முன்வாசல். பலகையை மேலே ஏற்றிக் கம்பியால் கட்டிவிட்டு, அம்மையார் சுத்தியலோடு ஏணிக்குப் பக்கத்தில் நிற்கிறார். வேலை என்றால் வேலை! நாரைகளின் இறகை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். கார்கள் வருகின்றன. கறுப்புத் தொப்பிகள் மேலே நிமிர்கின்றன. பிறகு, பக்கத்து மாவட்டத்திலிருந்து வந்த கர்னல் ஒருவர், ஒற்றைக் கண்ணாடியை இடுக்கிக்கொண்டு, துக்க வீடு என்றும் பாராமல் வெடித்துச் சிரித்துவிட்டார்.

"அடடா, தப்பா வந்துட்டமா? ஆம்ப்ரோஸ் உசுரோட இருக்காருன்னு போட்டுருக்கு! அந்தம்மாவையில்ல பொதைக்கப் போறாங்க!"

லேடி கார்விக் படியில் இறங்கி வந்தார்கள். அம்மா, மன்னியுங்கள், இதை நான் சொல்லித்தான் ஆக வேண்டும். நீங்கள் அண்ணாந்து பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள்.

"மிஸ்டர் ஃபெல்கேட், நான் செத்துட்டேனா?"

கண்முன்னால் தலைவர் நாற்காலி ஆடியது. அப்போது என் வாயிலிருந்து வந்ததைக் கேளுங்கள்.

"தீட்டினவங்க என் படத்தத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்க, அம்மா."

மியூரியல் கெரிட்ஜ் என்னைப் பார்த்தார். மூச்சு ஒன்று இழுத்து விடுகிற நேரம்தான். அவருடைய கைப்பையில் என் கையெழுத்து இருந்தது! அதை எடுத்து நீட்டியிருந்தால் நான் அன்றோடு தொலைந்தேன். நீட்டினாரா? புருஷனைப் பறிகொடுத்து நிற்கும் ஒரு பெண்ணின் வாசலில் யார் செய்த தப்பு என்று வழக்காடக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, சுத்தியலை மறுகைக்கு மாற்றிக்கொண்டு சொன்னார்:

"ஆமாங்கம்மா. வியாழக்கிழமைக்குள்ள சரி பண்ணிடறேன்."

வியாழக்கிழமைக்குள் சரி செய்தார். நான் அத்தோடு விட்டேனா? பின்னால் எந்த ஆராய்ச்சியாளனாவது வண்ணத்தைச் சுரண்டிப் பார்த்து, இரண்டு அடுக்கு இருப்பதைக் கண்டு, என் பெயரை அடிக்குறிப்பில் இழுத்துவிடுவானோ என்று எனக்குப் பயம். எங்களைப் போன்றவர்களுக்கு நரகத்தைவிட அடிக்குறிப்புக்குத்தான் பயம் அதிகம்! ஆகவே பலகையின் பின்பக்கம் என்ன எழுத வேண்டும் என்று நானே சொல்லி எழுத வைத்தேன். 'பின்புலம் மாற்றித் தீட்டப்பட்டது. பிழை, தீட்டியவருடையது. மி. கெ.' நான் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். முத்து முத்தான எழுத்து. எழுதி முடித்துவிட்டு, "சரியா இருக்கா பாத்துக்குங்க சார்" என்றார். நான் பார்த்தேன். சரியாக இருக்கிறது என்றேன்.

அடுத்த மாதம் செயற்குழு கூடியது. கழகத்தின் பெயருக்குக் களங்கம் வந்துவிட்டது என்று மிஸ் கெரிட்ஜின் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கியது. தீர்மானத்தை எழுதியவன் நான். அதே கூட்டத்தில் என்னைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரே பக்கம், மேலே அது, கீழே இது.

அதற்குப் பிறகு அவர் என்ன செய்தார் தெரியுமா? டீ ஊற்றினார்! இந்த மண்டபத்தில், இதே கொப்பரையிலிருந்து, ஒவ்வோர் ஆண்டுக் கூட்டத்துக்கும் பின்வாசல் வழியாக வந்து, வெள்ளரிக்காய் சாண்ட்விச் அடுக்கி, எங்களுக்கு டீ ஊற்றினார். நான் மேடையில் நின்று கேடயத்தின் வலம் எது என்று முழங்கிக்கொண்டிருப்பேன். அவர் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருப்பார். ஒரு தடவைகூட ஒரு கோப்பை சத்தமாக வைக்கப்பட்டதில்லை.

சனிக்கிழமை தோறும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்புவார். எந்தத் தேவாலயத்தில், எந்தச் சன்னலில், எந்தக் கல்லறைமேல் ஒரு கேடயம் இருந்தாலும் அஞ்சலட்டையில் அச்சு அசலாக வரைந்து எனக்கு அனுப்புவார். 'நேரில் பார்த்தது' என்று தலைப்பு. கீழே இடம், நாள், நிறங்கள். இருபத்தாறு வருடத்தில் ஆயிரத்துக்கும் மேலே வந்தன. ஏன் அனுப்பினார்? யாராவது ஒருவரிடம் அது போய்ச் சேர வேண்டும், நான்தானே தலைவர்! அந்த அட்டைகளை வைத்துத்தான் நான் 'பதிவேடு' எழுதினேன். முன்னுரையில் 'பிரெண்ட்மியரிலுள்ள ஓர் உதவியாளருக்கு' நன்றி சொல்லியிருக்கிறேன். பெயர் சொல்லவில்லை. பாராட்டுரைகளில் 'ஃபெல்கேட்டின் கழுகுக் கண்' என்று எழுதினார்கள். கழுகுக் கண்ணாம்! நாயையும் நீர்நாயையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத கண்!

ஒவ்வோர் அட்டையிலும் கேடயத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும். 'வலம் இது' என்று. ஒன்று தவறாமல் இருக்கும். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். 'இந்தம்மாவுக்கு இது வேற! எனக்கா தெரியாது?' என்று முணுமுணுத்துக்கொண்டே சிவப்பு மையால் அடித்துவிட்டு அச்சகத்துக்கு அனுப்புவேன். ஆயிரம் அம்புகளை அடித்திருக்கிறேன். ஒரு தடவையாவது யோசித்தேனா?

மூன்று வாரத்துக்கு முன்னால் இப்ஸ்விச் மருத்துவமனைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். சத்தியமாக அதற்குத்தான் போனேன். போய் உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேசினேன். ரவைப் புட்டிங்கைப் பற்றிப் பேசினேன். அரை மணி நேரம் அசடு வழிந்துகொண்டு இருந்தேன். கடைசியில் அவரே சொன்னார்:

"சொல்ல வந்ததச் சொல்லிட்டுப் போங்க சார். பஸ்ஸுக்கு நேரமாச்சு உங்களுக்கு."

"ரெண்டாம் பதிப்பு அச்சுக்குப் போகுது" என்றேன்.

"நல்லது. அம்பெல்லாம் எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு."

"அப்ப சரி. இனிமே நீங்களே பாத்துக்குவீங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

நான் பஸ்ஸைப் பிடித்தேன். நண்பர்களே, நான் பஸ்ஸைப் பிடித்து ஊர் வந்து சேர்ந்தேன்! பத்தாம் நாள் அவர் போய்விட்டார்.

இதோ இருக்கும் வால்ட்டர், செவ்வாய்க்கிழமை என் வீட்டுக் கதவைத் தட்டினார். உள்ளே வரமாட்டேன், பூட்ஸெல்லாம் சேறு என்று வாசலிலேயே நின்றுகொண்டு ஓர் உறையை நீட்டினார்.

"அக்கா குடுக்கச் சொல்லிச்சு வாத்தியாரே. உங்க கையில மட்டும்தான் குடுக்கணும்னு சொல்லிடுச்சு."

பிரித்தேன். என் வரைபடம்! கதிர்க்கட்டுப் பக்கம் என் மை. ஓரத்தில் பென்சிலில் அவர் எழுத்து: 'ஐயா, கறுப்பு நாரைப் பக்கம் வர வேண்டும் அல்லவா?' அதன் கீழே தாளைக் கிழித்துக்கொண்டு என் எழுத்து: 'வரைந்திருக்கிறபடியே தீட்டவும். ஹ்யூபர்ட் ஃபெல்கேட்.' இருபத்தாறு வருடம் வைத்திருந்தார். கடைசியில் என்னிடமே அனுப்பிவிட்டார். அடுப்பில் போடுவதா வேண்டாமா என்பதையும் என்னிடமே விட்டுவிட்டார்.

வால்ட்டரிடம் அந்த அம்புக்குறியைப் பற்றிக் கேட்டேன். எதற்காக அதை வரைந்தார் என்று கேட்டேன். அவர் ஒளிவுமறைவு இல்லாத மனிதர், பட்டென்று சொல்லிவிட்டார்.

"அது உங்களுக்குத்தான், வேற யாருக்கு? நான்கூட எத்தனையோ தடவ திட்டிருக்கேன், அந்த ஆளுக்கு ஏன் இவ்வளவு பண்றேன்னு. 'அவரு ஒரு தடவ தடுமாறிட்டாரு, வால்ட்டர். கேக்கவும் வெக்கப்படுவாரு. மறுபடி தடுமாறினா, பழி போட நான் பக்கத்துல இருக்க மாட்டேன்ல'ன்னு சொல்லும். சொல்லிட்டுச் சிரிக்கும்."

சிரித்தாராம்! அவர் என்னைத் திட்டியிருக்கலாம். ஊரைக் கூட்டி நாறடித்திருக்கலாம். அதையெல்லாம் நான் தாங்கியிருப்பேன், பதில்கூட வைத்திருந்தேன். இந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை. செவ்வாய்க்கிழமையிலிருந்து கூனிக் குறுகிப்போய் உட்கார்ந்திருக்கிறேன். அப்படி உட்கார்ந்துகொண்டும் நேற்று அந்த நான்கு பக்கத்தை எழுதினேன், பாருங்கள்! ஐந்து 'உறுதுணை' போட்டு எழுதினேன். மனிதன் எவ்வளவு தூரம் கீழே போவான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

என்ன, அம்மா? லேடி கார்விக் ஏதோ சொல்கிறார்கள். சற்று அமைதி. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் மியூரியலுக்கு வாழ்த்து அனுப்புவேன், அந்த வருடத்தோடு நிறுத்திவிட்டேன் என்கிறீர்களா? அது உங்கள் தப்பு அல்ல, அம்மா. நீங்கள் என் சொல்லை நம்பினீர்கள். அழாதீர்கள். வால்ட்டர், அவர்கள் பக்கத்தில் கொஞ்சம் உட்காருங்கள். என்ன, செயற்குழுவினரே? நான் உட்கார வேண்டுமா? மாட்டேன். இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது.

இரங்கல் கூட்டத்தின் முடிவில் மறைந்தவருடைய பணியைத் தொடர்வோம் என்று சூளுரைப்பது வழக்கம். அவர் பணியைத் தொடர எனக்கு என்ன யோக்கியதை? அதை இளையவர்கள் செய்யட்டும். தரையில் மல்லாந்து படுக்கக் கூச்சப்படாதவர்கள் செய்யட்டும். நான் செய்ய வேண்டியவை வேறு. அச்சகத்துக்கு இன்று காலை தொலைபேசியில் சொல்லிவிட்டேன். முகப்பில் ஒரே பெயர் வரும்: மியூரியல் கெரிட்ஜ். என் பெயர் முன்னுரையில், உதவியாளர் என்று வந்தால் போதும். அம்புக்குறிகள் எல்லாம் திரும்ப வர வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறேன். அச்சுக்கோப்பவர் என்னைச் சபிக்கிறார், சபிக்கட்டும்.

இதோ, என் கழுத்திலிருக்கும் தலைவர் பதக்கம். கழற்றி மேசைமேல் வைக்கிறேன். செயற்குழுவினரே, அறுபத்திரண்டாம் வருடத்துத் தீர்மானப் புத்தகத்தை இன்றே திறந்து அந்தப் பக்கத்தை, மேலே இருப்பதையும் கீழே இருப்பதையும், அடித்துவிடுங்கள். என் வரைபடத்தை அறிவிப்புப் பலகையில் குத்தி வைத்திருக்கிறேன். டீ குடிக்கும்போது எல்லோரும் பாருங்கள். கையெழுத்தை நன்றாகப் பாருங்கள்.

அவருக்கு ஒரு துக்கப் பலகை செய்து மாட்டலாமே என்று செயலாளர் காலையில் கேட்டார். வேண்டாம்! அவர் குடும்பத்துக்குக் கேடயம் இல்லை. இல்லாத கேடயத்தை நாம் தீட்டினால், அவரே வந்து தூரிகையைப் பிடுங்கிக் கழுவி வைத்துவிடுவார்.

ஆனால் கார்விக் பலகை ஆலயத்தின் வடக்குச் சுவரில் இருக்கிறது. அதன் முதுகில் 'பிழை, தீட்டியவருடையது' என்று அவர் கையால் நான் எழுத வைத்த பொய் இருக்கிறது. போதகர் அவர்களே, ஆலயத்தின் சாவியைக் கொடுங்கள். மிஸஸ் போரெட், டீ கொஞ்சம் தாமதமாகட்டும். வால்ட்டர் வண்டியில் ஏணி கொண்டுவந்திருக்கிறார். மியூரியலின் வண்ணப் பெட்டியும் அதில் இருக்கிறது. இப்போதே போகிறோம். பலகையை இறக்கித் திருப்பி வைத்து, அந்த வரியை அடித்து, 'பிழை, வரைபடம் போட்டவனுடையது' என்று எழுதி, கீழே என் முழுப் பெயரையும் போடப்போகிறேன். உங்கள் எல்லோர் முன்னாலும் போடப்போகிறேன்.

என் கை நடுங்கும். கண்ணும் முன்னைப் போல் இல்லை. சமையலறைத் தோழியரே, நீங்கள் முன்னால் வந்து என் பக்கத்தில் நில்லுங்கள். நான் எங்கேயாவது தப்பாக எழுதினால், "சார், அங்க இல்ல, இங்க" என்று உரக்கச் சொல்லுங்கள். இந்த முறை நான் கேட்டுக்கொள்கிறேன்.